விதை தேடியவர்

உலகத்தின் பசியைப் போக்க விதை தேடி அலைந்தவர், சிறையிலே சோறின்றிச் செத்தார்! நிக்கொலாய் வாவிலோவ் என்பது அவர் பெயர். 1887-இல் மாஸ்கோவில் பிறந்தவர்.

ஆப்கன் மலைகள், எத்தியோப்பிய மேட்டு நிலம், அமெரிக்கக் கண்டம் என்று உழவனின் வயலைத் தேடித் தேடிச் சென்றார். கோதுமை, பார்லி, பயறு என இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகள் லெனின்கிராடில் குவிந்தன. இவற்றை ஒட்டுச் சேர்த்து, பனிக்கும் நோய்க்கும் அஞ்சாத பயிரை உண்டாக்கலாம். ஆனால் ஆண்டுகள் பல பிடிக்கும் என்றார்.

இரண்டு மூன்று ஆண்டு போதும் என்றார் லைசென்கோ. விதையைக் குளிரில் பதப்படுத்தினால் பயிரின் பரம்பரைக் குணமே மாறிவிடுமாம்! பசித்த நாட்டில் எந்தப் பேச்சு இனிக்கும்? ஸ்டாலினுக்கு இனித்தது. தொடக்கத்தில் வாவிலோவே லைசென்கோவைத் தட்டிக்கொடுத்தவர்தான், அதை மறைப்பானேன்? ஆனால் சோதித்துப் பார்த்தார், சொன்னபடி விளையவில்லை. விளையவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார். லைசென்கோவோ பண்ணைகள் அனுப்பிய நல்ல கணக்கை மட்டும் காட்டினார். மறுத்தவர்களை நாட்டின் பகைவர் என்றார். விஞ்ஞானி கேள்வி கேட்டால் சோதனையைக் காட்டுவான். போலி போலீசைக் காட்டுவான்!

1940-இல், உக்ரேனில் விதை சேகரிக்கச் சென்ற இடத்திலேயே வாவிலோவைப் பிடித்தார்கள். மரண தண்டனை, பிறகு அதை 20 ஆண்டுச் சிறையாக்கினார்கள். 1943 ஜனவரியில் சாராதோவ் சிறையில் உயிர் பிரிந்தது.

முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் அவருடைய தோழர்கள் அந்த விதைகளைக் காத்துக் கிடந்தார்கள். பக்கத்திலே அரிசி மூட்டை, தொடவில்லை. பட்டினியால் மாண்டார்கள்.

1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்றது அரசு. லைசென்கோ 1965 வரை மரபியல் கழகத்தின் தலைமை நாற்காலியில் இருந்தார்.