மெத்தையைச் சுமந்த பேராசிரியர்... லட்ச ரூபாய் ஸ்பீக்கருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

திருவண்ணாமலை கோயிலின் கல் மண்டபத்தில் கை தட்டினால் சத்தம் சட்டென அடங்காது. டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமான நம்ம வீட்டு ஹாலும் சின்ன அளவில் அதே கதைதான். லட்சக்கணக்கில் கொட்டி ஆளுயர ஸ்பீக்கர் வாங்கியும் பாட்டு தெளிவா இல்லையேனு சிலர் புலம்புவது இதனால்தான். இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டுப் பிடித்தவர் வாலஸ் சபின்.

1868-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் பிறந்தவர். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் எதுவும் புரியவில்லை. சரிசெய்யும் வேலை, இயற்பியல் ஆசிரியரான 27 வயது சபின் தலையில் விழுந்தது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறதெனக் குறிப்பார். விடியறதுக்குள்ள மெத்தை பழைய இடத்துக்குப் போயாகணும்! காலி அரங்கில் 5 நொடிக்கும் மேல் நீடித்த சத்தம், மெத்தை கூடக் கூடக் குறைந்தது. தான் போட்டிருந்த துணியும் சத்தத்தை உறிஞ்சுவது தெரிந்ததும், எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தினமும் ஒரே உடையில் வந்து மறுபடி அளந்தார். மனுஷன் அவ்வளவு கறார்.

அறை பெரிதானால் சத்தம் நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் சுருங்கும் என்ற அவரது சூத்திரத்தை வைத்து 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால், இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று. 1919-ல், 50 வயதில் சபின் இறந்தார்.

இன்றைய டிஜிட்டல் ரூம் கரெக்‌ஷன், மைக் வைத்து அறையை அளந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைத் திருத்துகிறது. திமுதிமுவென முழங்கும் பேஸை அது அடக்கும். சுவரில் மோதிச் சுற்றும் சத்தத்தை உறிஞ்ச மட்டும் கனமான திரைச்சீலை, கம்பளம், மெத்தைதான் வேணும்.