குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்கூட்டர்: என்ரிகோ பியாஜியோவின் கதை

1943 செப்டெம்பர். இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டின் வடபகுதியில் ஜேர்மனியரின் தயவில் முசோலினி புதிய ஆட்சியொன்றை நிறுவியிருந்தார். அந்த ஆட்சியின் பாதுகாப்பு அமைச்சர் கிரசியானியின் உரை, புளோரன்ஸ் நகரின் எக்செல்சியர் ஹோட்டலில் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தது. உரைக்கு மரியாதை செய்து எழுந்து நிற்காத ஒரு தொழிலதிபரை, அங்கிருந்த அதிகாரி ஒருவர் சுட்டார். ஒரு சிறுநீரகத்தை இழந்து உயிர் தப்பிய அந்த மனிதருக்கு அப்போது வயது 38. பெயர் என்ரிகோ பியாஜியோ.

இந்தச் சம்பவத்தை மட்டும் வைத்து அவரை ஒரு வீரராக்கிவிட முடியாது. அதுவரை முசோலினியின் விமானப்படைக்குக் குண்டுவீச்சு விமானங்கள் செய்து கொடுத்தது அவருடைய குடும்ப நிறுவனம்தான். இத்தாலி அந்தப் போரில் பறக்கவிட்ட நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானமான பி.108 பியாஜியோவின் தயாரிப்பு. 1941 ஓகஸ்டில் முசோலினியின் மகன் புரூனோ இறந்ததும் அதே விமானம் பீசாவில் விழுந்துதான். பதுங்குகுழிக்குள் இருந்து விமான இரைச்சலை எண்ணிய எங்களுக்கு இது வெறும் தொழில்நுட்பத் தகவல் அல்ல. பியாஜியோவைப் பற்றி எழுதப்படும் இனிப்பான கதைகள் பல இந்தப் பக்கத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

நிறுவனத்தைத் தொடங்கியவர் தந்தை ரினால்டோ. 1884இல் ஜெனோவாவுக்கு அருகே கப்பல்களுக்கான மரவேலையுடன் ஆரம்பித்து, ரயில் பெட்டி, பிறகு விமானம் என்று வளர்ந்தார். 1905இல் பிறந்த என்ரிகோ பொருளியல் படித்தவர், பொறியியலாளர் அல்லர். 1938இல் தந்தை இறந்தபின், தஸ்கனியிலுள்ள பொந்தெதேரா தொழிற்சாலை அவர் பொறுப்பில் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையை நேச நாடுகளின் விமானங்கள் குண்டுவீசித் தாக்கின. மிஞ்சியதைப் பின்வாங்கிய ஜேர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. இயந்திரங்களில் ஒரு பகுதி வடக்கே பியெல்லாவுக்குக் கொண்டு போகப்பட்டது. போர் முடிந்தபோது விமானத்துக்கு வாங்குவோர் இல்லை. வேலையில்லாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், உடைந்த தெருக்கள், காருக்கு வழியில்லாத சனம். இவ்வளவுதான் கையிருப்பு.

பியெல்லாவில் செய்த முதல் மாதிரி ஸ்கூட்டர் என்ரிகோவுக்குப் பிடிக்கவில்லை. தொழிலாளர்கள் அதற்கு டொனால்ட் டக் வாத்தின் இத்தாலியப் பெயரைப் பட்டமாக வைத்திருந்தார்கள். அவர் வேலையைக் கொராடினோ டஸ்கானியோவிடம் கொடுத்தார். ஹெலிகொப்டர் கண்டுபிடிப்பில் வாழ்க்கையைச் செலவழித்த இந்தப் பொறியியலாளருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், செயின் எண்ணெய் உடுப்பில் படும், சில்லு காற்றுப் போனால் கழற்றுவது பெரும்பாடு. பிடிக்காததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நீக்கினார். எஞ்சின் பின்சில்லோடு சேர்ந்தது, செயின் போனது, கியர் கைப்பிடிக்கு வந்தது. முன்சில்லை விமானச் சில்லைப் போல ஒரு பக்கத் தண்டிலேயே பொருத்தினார். ஒடுங்கிய இடுப்பும் எஞ்சின் ரீங்காரமும் என்ரிகோவுக்குக் குளவியை நினைவூட்டின. குளவிக்கு இத்தாலிய மொழியில் வெஸ்பா. 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

98 சிசி எஞ்சினுடன் வந்த அந்த வண்டியை மோட்டோ குட்சி நிறுவனம் தன் கடைகளில் விற்க மறுத்தது. லான்சியா கார் முகவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முதலாண்டில் 2,484 வண்டிகள். பத்தாண்டில் பத்து இலட்சம்.

1951இல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் வந்தது. தடித்த கட்டலொக் புத்தகத்தை வீடுகளுக்கு அனுப்பி, தபாலில் ஓடர் எடுத்து, ஊசியிலிருந்து உழவு உபகரணம் வரை விற்ற நிறுவனம் அது. அதன் கட்டலொக்கில் வெஸ்பா ஏறியது, ஆனால் தன் பெயரில் அல்ல. சியர்ஸின் 'ஓல்ஸ்டேட்' என்ற பெயர்தான் வண்டியில் இருந்தது. சொந்தப் பெயரை விட்டுக்கொடுக்க என்ரிகோ சம்மதித்தார். பெருமையை விடத் தொழிற்சாலை ஓடுவது முக்கியம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பொந்தெதேரா மீது குண்டு விழுந்து பத்தாண்டு ஆகவில்லை. குண்டு போட்ட அணியின் முன்னணி நாடே வாடிக்கையாளர்.

அந்த ஓல்ஸ்டேட் ஸ்கூட்டர்களைத் தேடி எடுத்துத் திருத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். வேலை லேசானதல்ல. வெஸ்பாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அழுத்தி வளைத்து ஒட்டிய தகடுதான் உடம்பும் எலும்பும். கால் வைக்கும் தளத்தில் துரு பிடித்தால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் முதுகே போகிறது. பழுதான தகட்டை வெட்டி, உடம்பு கோணாமல் தாங்கி நிறுத்தி, புதுத் தகட்டை ஒட்ட வேண்டும். பெயின்ற் அதற்குப் பிறகு. பல காலம் நின்ற எஞ்சினில் இறப்பர் சீல்கள் காய்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் உதைத்து ஸ்ராட் பண்ணி ஓடினால், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் வெளிக்காற்றை இழுத்துச் சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் மெக்கானிக்மாருக்கு இந்தப் பாடுகள் புதிதல்ல.

திருத்துவோரிடையே ஒரு தீராத வாக்குவாதமும் உண்டு. ஓல்ஸ்டேட் பெயர்ப்பட்டையைக் கழற்றி வெஸ்பா என்று மாட்டலாமா? பார்வைக்கு வெஸ்பாதான் மதிப்பு. எனக்கு, பழைய பட்டையை விட்டுவைப்பவர்கள் பக்கமே சரி என்று படுகிறது. அந்த வண்டி கடல் கடந்த விதம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

என்ரிகோ 1965 ஒக்டோபர் 16 அன்று பொந்தெதேராவுக்கு அருகிலுள்ள வர்ரமிஸ்தா மாளிகையில் இறந்தார். அதற்குள் அவருடைய ஸ்கூட்டரில் பீரங்கி பொருத்தி, பிரெஞ்சுப் பரசூட் படைக்கென ஒரு வகையும் பிரான்ஸில் தயாராகியிருந்தது. வெஸ்பாவின் பின்பக்கத்தில் இரண்டு சில்லும் சுமைத்தட்டும் பொருத்தி, 'ஏப்பே' என்ற பெயரில் 1948இல் வந்த வண்டி வேறு வழியில் போனது. ஏப்பே என்றால் தேனீ. 1960களில் அது பஜாஜ் நிறுவனத்தின் ஊடாக இந்தியாவில் ஓட்டோவாகியது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியிலும் வவுனியாவிலும் லீசிங் கட்டிக்கொண்டு இளைஞர்கள் ஓட்டும் முச்சக்கரவண்டி அதன் வழிவந்தது.