மீன்களுக்கு வயசுக் கணக்கு போட்டவர்... யோஹான் யோர்ட் கதை!

1903, ஜூன் மாதம். நார்வேயின் வடகோடியில் இருக்கும் மேஹாம்ன் என்ற குட்டி மீனவ ஊர். கூட்டம் கூட்டமாகத் திரண்ட மீனவர்கள், அங்கிருந்த திமிங்கில ஆலையை அடித்து நொறுக்கித் தரைமட்டமாக்கினார்கள். ராணுவம் வந்த பிறகுதான் ஊர் அடங்கியது.

ஏன் இந்தக் கோபம்? அந்த வருடம் வலையில் மீனே இல்லை. மீனவர்களின் கணக்கு இதுதான்: திமிங்கிலங்கள்தான் மீன் கூட்டத்தைக் கரைக்கு விரட்டிக்கொண்டு வருகின்றன. அதையெல்லாம் வேட்டையாடி எண்ணெய் எடுத்துவிட்டால் மீன் எப்படி வரும்?

இத்தனைக்கும், திமிங்கில வேட்டைக்கும் மீன் வராததுக்கும் சம்பந்தமில்லை என்று அதற்கு முந்தைய வருடமே ஓர் இளம் விஞ்ஞானி அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார். மீனவர்கள் அதை நம்பவில்லை. கலவரத்துக்குப் பிறகு அரசும் மீனவர்கள் பக்கம் சாய்ந்து, 1904-ல் இருந்து அந்தக் கடற்கரையில் திமிங்கில வேட்டைக்குத் தடை போட்டது.

அந்த விஞ்ஞானியின் பெயர் யோஹான் யோர்ட். எது காரணம் இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. `சரி, அப்போ மீன் ஏன் வரலை?' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலுக்கு இன்னும் 11 வருடம் ஆனது.

டாக்டர் ஆகியிருக்க வேண்டியவர்

யோர்ட் பிறந்தது 1869, பிப்ரவரி 18. ஊர், இன்று ஓஸ்லோ என்று நாம் சொல்லும் கிறிஸ்டியானியா. அப்பா கண் மருத்துவப் பேராசிரியர். பையனும் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். ஆனால் மனசு விலங்கியல் பக்கம் போய்விட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய், 1892-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் படகில் ஏறினார். 1890-களின் கடைசியில் நார்வேயின் கடல் இடுக்குகளில் ஆழத்தில் வலை விட்டுப் பார்த்தபோது, இறால் ஏகப்பட்டது கிடைத்தது. அதுவரை அங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இறால் அது. பிறகு அதுவே பெரிய தொழிலாக வளர்ந்தது. விஞ்ஞானி சொன்னால் அடுப்பு எரியும் என்று கரையோர மக்களுக்குக் காட்டிய விஷயம் அது.

1900-ல் நார்வே அரசு `மிக்கேல் சார்ஸ்' என்ற நீராவி ஆய்வுக் கப்பலைக் கட்டியது. நாட்டின் மீன்வள ஆராய்ச்சிக்கும் யோர்ட்டையே தலைமையேற்க வைத்தது. அப்போது அவருக்கு வயது 31.

எட்டு நாடுகள், ஒரே மேசை

கடலில் எல்லைக்கோடு கிடையாது. நார்வேயில் முட்டையிடும் மீனின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து எங்கோ போகும். ஒரு நாடு மட்டும் தன் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும். ஸ்வீடனின் ஓட்டோ பெட்டர்சன் போன்ற விஞ்ஞானிகள் இதை விடாமல் வலியுறுத்தினார்கள். 1899-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு மாநாடு, 1901-ல் கிறிஸ்டியானியாவில் இன்னொன்று. கடைசியில் 1902 ஜூலையில் கோபன்ஹேகனில் சர்வதேச கடலாய்வு கவுன்சில் பிறந்தது. எட்டு நாடுகள் சேர்ந்தன.

அந்த வேலையில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர் யோர்ட். மீன்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஆராயும் குழு அவர் கைக்கு வந்தது. காட் மீன், ஹெர்ரிங் (நம்ம மத்திக்குச் சொந்தக்கார மீன்) இரண்டும்தான் முக்கியமான பாடம்.

அந்தக் காலத்தில் பலரும் நம்பியது ஒன்றுதான். கடலில் மீன் எப்போதும் அதே அளவுதான் இருக்கும். வலையில் சிக்கவில்லை என்றால் வேறு பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். யோர்ட்டுக்கு இதில் சந்தேகம் வந்தது. ஒரு நாட்டின் மக்கள்தொகையை எப்படிக் கணக்கெடுக்கிறோம்? எத்தனை பேர் பிறந்தார்கள், எந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்க்கிறோம். இதே கணக்கை மீனுக்கும் போட்டால் என்ன? 1907-ல் அந்தக் கவுன்சிலிலேயே இந்த யோசனையை முன்வைத்தார்.

செதிலில் பிறந்தநாள்

மீனிடம் ஆதார் கார்டு கேட்க முடியாது. ஆனால் அதன் செதிலில் மரத்தில் இருப்பது போல வளையங்கள் உண்டு. குளிர்காலத்தில் மீன் மெதுவாக வளரும். அப்போது ஒரு கோடு விழும். கோடுகளை எண்ணினால் வயது தெரிந்துவிடும். யோர்ட்டின் குழுவில் இருந்த க்னூட் டால், ஐனார் லியா இருவரும் ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் செதில்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினார்கள்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தவரும் சாதாரண ஆள் இல்லை. ஸ்காட்லாந்தின் டார்சி தாம்சன். உயிரினங்களின் வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் கணிதத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர், அதே கவுன்சிலில் பிரிட்டன் தரப்பில் உட்கார்ந்தவர். செதில் கோட்டை வைத்து வயது சொல்வதை அவர் ஏற்கவே இல்லை. வாக்குவாதம் வருடக்கணக்கில் நீண்டது. யோர்ட் தரப்பு ஒவ்வொரு வருடமும் புதுச் செதில்களைக் கொண்டுவந்து பதில் சொன்னது.

பதிலில் பெரிய ஆச்சர்யம் இருந்தது. 1904-ல் பிறந்த ஹெர்ரிங் மட்டும் வலையில் கொத்துக்கொத்தாகச் சிக்கிக்கொண்டே இருந்தது. 1910-ல் பார்த்தால் ஆறு வயது மீன்தான் அதிகம். அடுத்த வருடம் ஏழு வயது, அதற்கடுத்து எட்டு. ஒரே பேட்ச் வருடாவருடம் ஒரு வயது கூடிக்கூடி வருகிறது! அந்த வருடங்களில் பிடிபட்ட ஹெர்ரிங்கில் பாதிக்கும் மேல் அந்த 1904 பேட்ச்தான். முன்னும் பின்னும் பிறந்த பல பேட்ச்கள் இருந்த இடமே தெரியவில்லை.

1914-ல், 200 பக்கங்களுக்கும் மேல் நீளும் ஆய்வாக இதைக் கவுன்சிலின் வெளியீட்டில் எழுதினார். மேஹாம்ன் மீனவர்கள் எழுப்பிய கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. மீன் எங்கேயும் ஓடிப்போகவில்லை. சில வருடங்களில் குஞ்சுகள் அதிகமாகப் பிழைக்கின்றன, பல வருடங்களில் பிழைப்பதில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு, கூடவே இருக்கும் கருவுணவு தீர்ந்ததும் உடனே இரை கிடைக்க வேண்டும். அந்தச் சில நாள்களில் கடலில் நுண்ணுயிர் உணவு இல்லாவிட்டாலோ, நீரோட்டம் குஞ்சை வேறெங்கோ இழுத்துப் போனாலோ, அந்த பேட்ச் அவ்வளவுதான். சில வருடம் கழித்துக் கரையில் ஒரு குடும்பம் பட்டினி கிடப்பதற்கான காரணம், என்றோ நடந்த அந்தச் சில நாள்களில் இருக்கலாம்.

போர், ராஜினாமா, திமிங்கிலம்

அதே வருடம் முதல் உலகப்போர். கவுன்சில் கூட்டங்கள் நின்றன. ஒன்றாக உட்கார்ந்து செதில் எண்ணியவர்களின் நாடுகள் எதிரெதிர் அணியில் நின்றன. யோர்ட் கனடாவுக்குப் போய், அங்கே கடலாய்வுப் பயணத்தை வழிநடத்தினார். பிறகு பிரிட்டனுடனான மீன் ஒப்பந்த விஷயத்தில் தன் அரசோடு முட்டிக்கொண்டு, பதவியை உதறிவிட்டுக் கிளம்பினார். 1921-ல் தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் திரும்பிவந்தார்.

திமிங்கில விவகாரமும் அவரை விடவில்லை. வேட்டை அண்டார்டிகா வரை போய்விட்டிருந்த காலம் அது. 1933-ல் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஓர் உயிரினம் அழியாமல் எவ்வளவு வரை பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதினார். திமிங்கில வேட்டையால் மீனுக்குப் பாதிப்பில்லை என்று முன்பு சொன்னவர், திமிங்கிலத்துக்கு என்ன ஆகிறது என்று இப்போது கேட்டார்.

1938-ல் கவுன்சிலின் தலைவரானார். அடுத்த வருடமே இரண்டாம் உலகப்போர். கவுன்சில் இருந்த டென்மார்க்கும் அவருடைய நார்வேயும் 1940 ஏப்ரலில் ஒரே நாளில் நாஜி ஜெர்மனியின் தாக்குதலுக்கு ஆளாயின. போர் முடிந்ததும் விஞ்ஞானிகள் மறுபடியும் அந்த மேசைக்கு வந்தார்கள். 1948, அக்டோபர் 7-ல், 79 வயதில் யோர்ட் காலமானார்.

இன்று அந்தக் கவுன்சிலில் 20 நாடுகள் இருக்கின்றன. வருடாவருடம் மாநாடு நடக்கிறது. ஆராய்ச்சியை இப்போதுதான் ஆரம்பித்த பிள்ளைகளும் சீனியர்கள் முன்னால் நின்று தங்கள் கணக்கைச் சொல்கிறார்கள், கேள்விகளை வாங்கிக்கொள்கிறார்கள். எந்த வருடத்தில் பிறந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான், எவ்வளவு பிடிக்கலாம் என்று அரசுகளுக்கு ஆலோசனை போகிறது. குஞ்சுகள் எந்த வருடம், ஏன் பிழைக்கின்றன என்ற விவாதம் மட்டும் நூறு வருடத்துக்குப் பிறகும் முடியவில்லை. அதற்கான மாதிரிகளைத் தேடி நார்வே கடலில் சுற்றும் ஆய்வுக் கப்பல்களில் ஒன்றின் பெயர், `யோஹான் யோர்ட்'.