சூலையும் திருவருளும்
திருவாமூரில் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மருணீக்கியார் இளமையிலேயே பெற்றோரை இழந்தனர். தமக்கையார் திலகவதியார், தமக்கென மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டமை கேட்டு உயிர்விடத் துணிந்தும், தம்பியார் தமியராவரே என்னும் இரக்கத்தால் உடல் தாங்கினார். அத்தம்பியாரே பின்பு பாடலியிற் சமணம் புக்குத் தருமசேனர் எனத் தலைமை எய்தினார். அம்மையார் திருவதிகை வீரட்டானத்தில் திருவலகும் திருமெழுக்கும் இட்டு, அவரை மீட்டருளுமாறு இறைவனை இரந்தார். இறைவன் அதற்கு விடுத்த விடை சூலைநோய்! சித்தாந்திகள் மறக்கருணை என்பது இதனையே. குடரை முறுக்கிய அந்நோய்க்குச் சமணர் மந்திரங்கள் பயன்படாதொழியவே, இரவில் வந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் கடிந்திலர், திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு சென்றார். பதிகம் பாடச் சூலை நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் திருநாமமும் வாய்த்தது. பின்னர்ப் பல்லவன் இழைத்த நீற்றறை, நஞ்சு, யானை என்பன யாவரும் அறிந்தனவே. கல்லொடு கடலிற் பாய்ச்சப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறியவர், மீண்டும் நாடிச் சென்றது அத்திருவதிகையையே.