பயறின் அருமையை நம் உழவர்களிடம் கற்ற விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவார்டு

பயிர் சுழற்சி பற்றிப் பேசும்போது நினைவுகூர வேண்டியவர் சர் ஆல்பர்ட் ஹோவார்டு. இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று உலகம் போற்றும் இவர், பாடம் கற்றது இந்திய உழவர்களிடம்.

1873-ம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய் ஆய்வாளராகப் பணியாற்றினார். ஆய்வுக்கூடத்தில் நோயை ஆராய்பவருக்கு, அந்தப் பயிரைத் தன் கையால் வளர்த்துப் பார்க்க நிலம் இல்லையே என்ற குறை அவருக்கு அப்போதே இருந்தது.

பூசாவில் கிடைத்த நிலம்

1905-ல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. சுமார் 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் வந்தது. சுற்றுவட்டார விவசாயிகளின் வயல்களில் பூச்சி, நோய்த் தாக்குதல் குறைவாக இருந்ததைக் கவனித்தார். காரணம் அறிய அவர்களையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். அவரும், தாவரவியல் அறிஞரான அவர் மனைவி கேப்ரியலும் சேர்ந்து உருவாக்கிய பூசா கோதுமை ரகங்கள் புகழ்பெற்றன.

அவர் வியந்து பார்த்த ஒன்று, தானியத்தோடு பயறு வகையைச் சேர்த்தோ மாற்றியோ விதைக்கும் வழக்கம். சோளமும் துவரையும் ஒன்றாக விதைக்கப்படும். சோளம் அறுவடையானதும் துவரை படர்ந்து வளரும். அதன் ஆணிவேர் அடிமண்ணைப் பிளக்கும். உதிரும் இலை மண்ணுக்கு உரமாகும். வேர்முடிச்சில் உள்ள நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும். பயறு வகைகள் மண்ணை வளப்படுத்துகின்றன என்பதை மேலைநாட்டு அறிவியல் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1888-ல்தான் ஏற்றுக்கொண்டது. நம் உழவர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள் என்பதை ஹோவார்டு தன் நூலில் பதிவு செய்தார்.

பசுந்தாள் உரத்தை மடக்கி உழுதால் மட்டும் போதாது, அது மக்குவதற்கு ஈரமும் காற்றோட்டமும் கால அவகாசமும் வேண்டும் என்பதையும் அங்கே கண்டறிந்தார்.

1924-ல் இந்தூருக்குச் சென்று, பயிர்க் கழிவு, சாணம், சாம்பல் கொண்டு கம்போஸ்ட் தயாரிக்கும் இந்தூர் முறையை வகுத்தார். 1931-ல் தாயகம் திரும்பினார். 1940-ல் வெளியான அவரது வேளாண் நூல் பல நாடுகளில் இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு வித்திட்டது. 1947-ல் மறைந்தார்.

களக்காட்டுக்கு என்ன பாடம்?

களக்காடு பகுதியில் ஏத்தன் வாழைக்கு நல்ல சந்தை இருக்கிறது. அதனாலேயே ஒரே வயலில் வாழைக்குப் பின் வாழை என்று தொடர்வது பழக்கமாகிவிட்டது. கிழங்கு கூன்வண்டுக்கும் நூற்புழுவுக்கும் ஆண்டு முழுவதும் உணவு கிடைப்பதால் அவை பெருகுகின்றன. வாடல் நோய்ப் பூசணமும் மண்ணில் தங்குகிறது. மருந்துச் செலவு கூடும்; தார் எடை குறையும். குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு இது பெரும் சுமை.

செய்ய வேண்டியவை:

• வாழை அறுவடை முடிந்ததும் பழைய கிழங்குகளைத் தோண்டி அகற்றி, அடுத்த பயிராக நெல் நடவும். தண்ணீர் தேங்கி நிற்பதால் நூற்புழுவும் வாடல் நோய்ப் பூசணமும் குறையும்.

• நடவுக்கு முன் இடைவெளி இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும்.

• பிசான நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, ரைசோபியம் கலந்த உளுந்து விதையை ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ தூவவும். மிச்ச ஈரத்திலேயே விளைந்துவிடும்.

• உளுந்து பறித்த பின் செடியை எரிக்காமல் மண்ணில் சேர்க்கவும்.

• புதிய வாழைக்கு நோயில்லாத தோட்டத்துக் கன்றையே தேர்வு செய்யவும்.

மொத்த நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்ற இயலாதவர்கள், வயலை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பகுதியை நெல், உளுந்துக்கு மாற்றலாம். வாழை வருமானம் முழுதாக நிற்காது. மூன்று ஆண்டுகளில் எல்லா வயலுக்கும் ஓய்வு கிடைத்துவிடும்.