பரீட்சையில் தேறாத வாத்தியார்

தாய் தந்தையரின் சாயல் பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை காண வழி திறந்தவர் கிரிகோர் மெண்டல். அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதித்த வாத்தியார். ஆனால் வாத்தியார் வேலைக்கான பரீட்சையில் அவர் கடைசிவரை தேறவே இல்லை!

அன்றைய ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில், 1822-ம் ஆண்டு, குடியானவர் வீட்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யோஹான். மரக்கட்டை விழுந்து தந்தை காயமடைந்தார். அதன் பிறகு குடும்பம் நொடித்தது. மகனின் படிப்பு நின்றுவிடும் போல் இருந்தது. அப்போது தங்கை தெரேசியா, தன் கல்யாணச் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள்.

1843-ல் புரூன் நகரத்துக் கிறிஸ்தவ மடத்தில் சேர்ந்து துறவியானார். கிரிகோர் என்பது மடத்தில் சூட்டிய பெயர். நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் கூறும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் படும் வேதனையைக் கண்டு அவரே படுத்துவிட்டார்! மடத்துத் தலைவர் நாப் நல்ல மனிதர். 1849-ல் மெண்டலை ஸ்னாயிம் என்ற ஊருக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பிவைத்தார்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பரீட்சை எழுத வேண்டும். 1850-ல் வியன்னா சென்று எழுதினார். பாலூட்டும் பிராணிகளை வகைப்படுத்தும் கேள்வியில் சறுக்கினார். அந்தப் பாடத்தைச் சர்வகலாசாலையில் முறையாகப் படித்திராத குறை அது. நாப் கைவிடவில்லை. வியன்னா சர்வகலாசாலைக்கே அனுப்பினார். அங்கே டாப்ளரிடம் பௌதிகமும் உங்கரிடம் தாவர சாஸ்திரமும் கற்றார்.

1854-ல் புரூன் உயர்நிலைப் பள்ளியில் மீண்டும் தற்காலிக ஆசிரியர். 1856-ல் மறுபடி பரீட்சைக்குப் போனார். பாதியிலேயே உடல்நலம் கெட்டுத் திரும்பினார். மூன்றாம் முறை அவர் முயலவில்லை. பரீட்சை போனால் போகட்டும் என்று, அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து வளர்க்கத் தொடங்கினார்.

காலையில் வகுப்பு, மற்ற நேரத்தில் தோட்டம். எட்டு வருஷம் இப்படி. சுமார் 28 ஆயிரம் செடிகள்! உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் எங்கே போயிற்று? அடுத்த தலைமுறையில் எண்ணிப் பார்த்தார். உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த குணம் அழியவில்லை, உள்ளே பதுங்கித்தான் இருந்தது. செடிகளை எண்ணிக் கணக்குப் போட்டதில்தான் இந்தப் பௌதிக வாத்தியாரின் கைவரிசை தெரிகிறது.

1865-ல், தாம் வேலை பார்த்த பள்ளிக் கட்டடத்திலேயே, விஞ்ஞான சங்கத்தார் முன் இதை இரண்டு நாள் விளக்கினார். மறு ஆண்டு கட்டுரையாகவும் வந்தது. அதன் அருமை யாருக்கும் புரியவில்லை.

1868-ல் மடத்துத் தலைவரானார். 14 ஆண்டு நடத்திய வகுப்புகளை விட்டார். தலைவர் பதவியில் கையில் பணம் புழங்கியது. தங்கையின் மூன்று மகன்களைப் படிக்க வைத்தார். இருவர் டாக்டரானார்கள்.

1884 ஜனவரி 6-ந் தேதி காலமானார். 1900-ல் ஹாலந்தின் தெ விரீஸும் ஜெர்மனியின் கோரன்ஸும் தனித்தனியே ஆராய்ந்து, இதே விதிகளைக் கண்டார்கள். பழைய ஏடுகளைப் புரட்டியபோது, 34 ஆண்டுகளுக்கு முன்பே புரூன் வாத்தியார் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்.