அளந்து கட்டிய பொதி

தமிழில் பனி என்னும் சொல், மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் ஈரத்தையும் குறிக்கும். ஓரிரவில் மனித உடலை விறைக்கச் செய்யும் வெண்பரப்பையும் குறிக்கும். இரண்டாவது பனியை நம்மில் பெரும்பாலோர் படங்களில் மட்டுமே கண்டிருக்கிறோம். அந்நிலத்தில் பயணம் செல்பவன் எதை உடுத்துகிறான், எதற்குள் உறங்குகிறான், எதைக்கொண்டு நீரைக் காய்ச்சுகிறான் என்பனவற்றைப் பொறுத்தே அவன் மறுநாள் விழித்தெழுவது அமைகிறது. பனிவெளிக்குரிய பயணப்பொதியை ஓர் அறிவியல் ஆய்வுப்பொருளாகவே கருதி ஆராய்ந்தவர், நார்வே நாட்டு அறிஞர் ஃபிரிட்ஜோஃப் நான்சென்.

இவர் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகில் பிறந்தார். வீட்டையடுத்துக் காடு இருந்தது. நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிப் பழகினார். இளமையில் சிறிதளவு உணவுடன் நாள்கணக்கில் தனியே காட்டில் தங்குவார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற இவர், 1882ஆம் ஆண்டு சீல் வேட்டைக் கப்பலொன்றில் வடகடலுக்குச் சென்றபோது, தொலைவில் கிரீன்லாந்தின் மலைகளைக் கண்டார். பின்னர்ப் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி நரம்பு மண்டலத்தை ஆராய்ந்த காலத்திலும் அம்மலைகள் அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை.

கிரீன்லாந்தின் உட்பகுதியை அதுவரை எவரும் முழுமையாகக் கடந்ததில்லை. முயன்றவர்கள் குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டனர். துன்பம் மிகுந்ததும் வந்தவழியே திரும்பினர். நான்சென் இதனைத் தலைகீழாக மாற்றினார். ஆளரவம் அரிதான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடப்பது அவர் திட்டம். திரும்பிச் சென்றால் அங்கே உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. ஆகவே முன்னேறியே ஆகவேண்டும். நாளிதழ்கள் இதனை எள்ளி நகையாடின. அரசு பொருளுதவி மறுத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வணிகர் ஒருவரே உதவினார்.

திரும்பும் வழியற்ற பயணத்திற்குப் பொதி கட்டுவது எளிதன்று. ஒன்று குறைந்தால் உயிர் போகும். ஒன்று மிகுந்தால் இழுப்பவன் சோர்ந்து வீழ்வான். அக்காலச் சறுக்குவண்டிகள் கனமானவை. அவற்றின் அடிக்கட்டைகள் குறுகலாக இருந்ததால் மென்பனியில் புதைந்தன. நான்சென் அடிக்கட்டைகளை அகலமாக்கினார். இறுக்கமான ஆணிகளைத் தவிர்த்து, மரச்சட்டங்களைத் தோல்வாரால் பிணைத்தார். மேடுபள்ளத்தில் வண்டி முறியாமல் நெளிந்து கொடுத்தது. ஒரு வண்டியின் எடை ஏறத்தாழ 13 கிலோ. அதன்மேல் ஏற்றிய சுமையோ 90 கிலோவுக்கும் மிகுதி. உடைக்குக் கம்பளியும் அதன்மேல் காற்றுத்தடுப்புத் துணியும் தேர்ந்தார். துருவமான் தோலால் இரண்டு உறக்கப்பைகள் செய்யப்பட்டன. ஒன்றில் மூவர் நெருங்கிப் படுத்து ஒருவர் வெப்பத்தை மற்றவர் பெற்றனர். உடன் வந்த ஐவருள் இருவர் சாமி எனப்படும் வடபுல இனத்தவர். பனியில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடம் கற்பதற்கு, முனைவர் பட்ட ஆய்வை அப்போதுதான் முடித்திருந்த நான்சென் தயங்கவில்லை.

1888 ஆகஸ்டில் நடை தொடங்கியது. 2,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இரவின் குளிர் உறைநிலைக்குக் கீழே 45 பாகை வரை சென்றது. எங்கும் பனியிருந்தும் குடிக்க நீரில்லை. பனியை உருக்க எரிபொருள் வேண்டும். தகரக் குப்பிகளில் பனியை நிரப்பி, மார்போடு வைத்து உடல்வெப்பத்தால் உருக்கிக் குடித்தனர். நான்சென்னின் கணக்கு ஓரிடத்தில் பிழைத்தது. அவர்கள் கொண்டுசென்ற உலர்இறைச்சியில் கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. வயிறு நிறைந்தும் கொழுப்புப் பசி அவர்களை வாட்டியது. கடுங்குளிரில் கொழுப்பே உடலின் விறகு என்பதை நான்சென் பட்டறிந்தார். தம் நூலிலும் இக்குறையை மறைக்காமல் எழுதினார். மேற்குக் கரையை அடைந்தபின் கூடாரத்தின் அடித்துணியைக் கிளைகளால் ஆன சட்டத்தில் போர்த்தி ஒரு சிறு படகு செய்தனர். ஒழுகிய நீரை இறைத்தபடியே நான்சென்னும் ஸ்வெர்ட்ரப் என்பவரும் அக்டோபர் 3ஆம் நாள் காட்ஹாப் என்னும் ஊரை அடைந்தனர். நாடு திரும்பும் கப்பல் போய்விட்டதால் அக்குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி, இனூயிட் மக்களிடம் கயாக் என்னும் தோல்தோணி செலுத்தக் கற்றார். பிற்காலத்தில் அக்கல்வியே அவரைக் காத்தது.

அடுத்த பயணத்திற்கு முன் அவர் கவனம் அடுப்பின்மீது சென்றது. கிரீன்லாந்தில் பயன்பட்ட சமையற்கலம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியை வீணாக்கியது. புதிய கலத்தில் நடுவே உணவுப் பாத்திரம். அதனைச் சுற்றி வளையமாகப் பனி உருக்கும் பாத்திரம். மேலே தட்டையாக மற்றொன்று. நடுப்பாத்திரத்தைச் சூடாக்கிய காற்று வெளியேறுமுன் மற்ற இரண்டையும் தழுவிச் செல்லும். வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு பயன்பட்டது. கீழே எரிந்தது அப்போது புதிதாக வந்திருந்த பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு. எரிவாயு அடுப்பு பரவுமுன் நம் வீடுகளில் இரைச்சலிட்டு எரிந்த பம்பு ஸ்டவ் அதன் உறவே. உங்கள் பாட்டியரைக் கேட்டால் சொல்வர். ஏறத்தாழ 20 லிட்டர் மண்ணெண்ணெய், இருவருக்கு நாளொன்றுக்கு இருமுறை சூடான உணவாக 120 நாள்கள் வரை வந்தது.

1893இல் நான்சென் பன்னிருவருடன் ஃபிராம் என்னும் கப்பலில் வடதுருவக் கடலுக்குப் புறப்பட்டார். பனிக்கட்டி நெருக்கும்போது நொறுங்காமல் மேலெழும்பும்படி உருண்ட அடிப்பகுதியுடன் அக்கப்பல் கட்டப்பட்டிருந்தது. எண்ணியபடியே அது பனியில் சிக்கி மெல்ல மிதந்தது. ஆனால், துருவத்தை நோக்கிச் செல்லவில்லை. 1895 மார்ச் 14ஆம் நாள் நான்சென்னும் யோஹான்சென்னும் 28 நாய்கள், மூன்று வண்டிகள், இரண்டு கயாக்குகளுடன் கப்பலைவிட்டு நடந்தனர். இம்முறை பிழைத்தது உடை. வியர்க்கும் என்றெண்ணி ஓநாய்த்தோல் உடைகளைக் கப்பலிலேயே விட்டிருந்தனர். கம்பளி உடையில் ஊறிய வியர்வை உறைந்து இரும்புக் கவசம்போல் ஆயிற்று. விறைத்த கைவிளிம்பு நான்சென்னின் மணிக்கட்டை அறுத்தது. இரவில் உறக்கப்பைக்குள் அவ்வுடை இளகவே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். எனினும், அதுவரை மனிதர் எட்டாத 86 பாகை 14 கலை வட அகலாங்கை ஏப்ரலில் அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பினர்.

அவ்வாண்டுக் குளிர்காலத்தைப் பிரான்ஸ் யோசப் நிலம் என்னும் தீவுக்கூட்டத்தில் ஒரு கற்குடிலில் கழித்தனர். கூரை வால்ரஸ் தோல், உணவு கரடியிறைச்சி, விளக்குக்கு வால்ரஸ் கொழுப்பு. விளக்கையே வண்டியின் அடித்தகட்டிலிருந்து வெட்டிச் செய்தனர். பல மாதங்கள் அவ்விருளில் கிடந்தும் இருவரும் எடை கூடியிருந்தனர் என்பது வியப்பு!

1896 ஜூன் 12ஆம் நாள், கரையில் ஏறி வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, கயாக்குகளைக் கட்டியிருந்த தோல்வார் அறுந்தது. பிணைத்த இரண்டு தோணிகளும் காற்றில் விலகிச் சென்றன. உணவு, துப்பாக்கிகள், வெடிமருந்து அனைத்தும் அவற்றில் இருந்தன. பல ஆண்டுகள் எண்ணி எடைபோட்டுச் சேர்த்த பொதி முழுவதும் கண்ணெதிரே மிதந்துபோயிற்று. நான்சென் மேலுடைகளைக் களைந்து உறைநீரில் குதித்தார். கைகால்கள் மரத்துப்போயின. அடைய முடியாவிடினும் திரும்பிப் பயனில்லை என்று தெளிந்து நீந்தினார். தோணியைப் பற்றியபோது அதில் ஏறும் வலிமையும் எஞ்சவில்லை, பெரும்பாடுபட்டே ஏறினார். குளிரில் நடுங்கிக்கொண்டே திரும்பும் வழியில், எதிரே இரண்டு கடற்பறவைகளைக் கண்டு அவற்றைச் சுட்டு உணவுக்கு எடுத்துக்கொண்டார். துப்பாக்கி ஒலி கேட்ட யோஹான்சென், அவருக்கு அறிவு பேதலித்துவிட்டதோ என்று அஞ்சினாராம்!

ஐந்து நாள்களில், அத்தீவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக்சன் என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்து இருவரும் மீண்டனர். ஃபிராம் கப்பலும் ஆகஸ்டில் பழுதின்றி மீண்டது. நான்சென்னின் வண்டியையும் சமையற்கலத்தையும் பின்வந்த துருவப் பயணிகள் பலர் பின்பற்றினர். 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் ஃபிராம் கப்பலிலேயே சென்றார்.

முதல் உலகப்போருக்குப் பின் நான்சென்னின் உழைப்பு வேறு திசையில் சென்றது. நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவர் தாயகம் சேர்த்தார். நாடிழந்து நின்றோர்க்கு 1922இல் அவர் முயற்சியால் வழங்கப்பட்ட சான்றிதழ், நான்சென் கடவுச்சீட்டு எனப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசையும் அவர் பெற்றார். 1930 மே 13ஆம் நாள் மறைந்தபோது, வீடிழந்த பல்லாயிரவர் தம் பொதிக்குள் அவர் பெயர் தாங்கிய அத்தாளை வைத்திருந்தனர்.